ஒரு திறவுகோல், பல கதவுகள்



பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே ஒரு பதிவேட்டைக் கண்டாலும் அதனைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேடு, நூல் வழங்கும் பதிவேடு என்று பல ஏடுகளோடு என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. இவற்றுள் சேர்க்கைப் பதிவேடே தாய். மற்றவை யாவும் அதன் மக்கள். தாயேட்டில் ஒரு மாணவனின் பெயர் பிழையாக ஏறிவிட்டால் சேயேடுகளிலும் அப்பிழையே ஏறும். தாயேடு சரியாக இருந்து, அதைப் பார்த்து எழுதிய சேயேடு பிழைபட்டாலோ, அதனால் விளையும் தொல்லையும் சிறிதன்று.

இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருளும் பதிவேடுகளைப் பற்றியதே. ஆனால் இவை தாளால் ஆனவை அல்ல, கணினிக்குள் இருப்பவை. கல்லூரி அலுவலகத்தில் மாணவர், ஆசிரியர் அனைவருடைய பெயரும் அடங்கிய பயனர் பதிவேடு ஒன்று முன்னமே இருக்கிறது. நூல் நிலையத்தின் கதவுகளோ பல. அக்கதவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பெயரும் கடவுச்சொல்லும் கேளாமல், அலுவலகப் பதிவேட்டின் சொல்லை நம்பித் திறக்குமாறு செய்யும் ஏற்பாட்டுக்கு 'ஒற்றை உள்நுழைவு' என்று பெயர். அதனை எவ்வாறு அமைக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள், படிக்கும் பிள்ளைக்கு அதனால் வரும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஒருவாறு காண்போம்.

நூல் நிலையத்துக்குப் பல கதவுகள் உண்டா என்று சிலர் வினவலாம். எங்கள் காலத்தில் ஒரு கதவுதான் இருந்தது. அதற்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு சாவி. இன்றைய நூல் நிலையமோ சுவர்களுக்குள் அடங்குவதன்று. நூற்பட்டியலைப் பார்ப்பதற்கு ஒரு வாயில். மின்னூல்களுக்கு ஒரு வாயில். ஆய்வேடுகளுக்கு ஒரு வாயில். கடல் கடந்த நாடுகளில் வெளியாகும் ஆராய்ச்சி இதழ்களுக்குப் பதிப்பகந்தோறும் ஒரு வாயில். ஒவ்வொரு வாயிலிலும், "நீ யார்? உன் கடவுச்சொல் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. ஏழு வாயிலுக்கு ஏழு கடவுச்சொற்களை வைத்துக்கொண்ட மாணவன் என்ன செய்வான்? ஒன்று, குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதி வைப்பான். அன்றேல், ஒரே சொல்லை ஏழு இடத்திலும் வைப்பான். முதலாவது அயலார் கண்ணில் படும். இரண்டாவதில், ஓரிடத்தில் களவு போனால் ஏழிடத்திலும் களவு போனதாகும். இவ்விரண்டும் வேண்டாம் என்று நினைப்பவன் நூல் நிலையத்தின் பக்கமே வாராமல் இருந்துவிடுவான். மூன்றிலும் பெரிய நட்டம் இதுவே.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராக விளங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. படிப்பவருடைய நேரத்தை வீணாக்கலாகாது என்பது அவற்றுள் நான்காவது விதியின் கருத்து. முற்காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு நகரத்துத் தேவாலயத்தில் அத்தகைய நூல்களை இன்றும் காணலாம். அந்தச் சங்கிலிகள் பிற இடங்களில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் தேவைக்கு மேற்பட்ட கடவுச்சொற்களும் ஒருவகைச் சங்கிலிகளே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

கடவுச்சொல் கணினிக்குள் வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டு, ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறை ஒன்றை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அமைத்தார்கள். ஒருவர் கோப்பை மற்றொருவர் தொடாதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று கருதிய ஆராய்ச்சி மாணவர் ஒருவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பிறருடைய நேரத்தைப் பயன்படுத்தித் தம் வேலையை முடித்துக்கொண்டார். பல்லாண்டுகளுக்குப் பின் அதனைத் தாமே வெளியிட்டார். கடவுச்சொற்களை உள்ளவாறே எழுதி வைக்கலாகாது என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது. ஆதலால் இக்காலத்து நல்ல பதிவேடுகள் கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. அதனைக் கணித முறையால் சிதைத்து, மீட்க இயலாத உருவமாக்கி, அவ்வுருவத்தை மட்டும் வைத்திருக்கின்றன. நீங்கள் தட்டும் சொல்லையும் அவ்வாறே சிதைத்து, இரண்டும் ஒத்தால் உங்களை ஏற்றுக்கொள்கின்றன.

கணினிகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றிலும் தனிப் பட்டியல் வைத்தல் இயலாததாயிற்று. நிறுவனம் முழுமைக்கும் பொதுவான பதிவேடு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. 1988-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பினர் 'எக்ஸ். 500' என்னும் நெறியை வெளியிட்டனர். அது பெரியதோர் ஏற்பாடு. சிறிய கணினிகளால் தாங்க முடியாதது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் என்பவரும் பிறரும் சேர்ந்து அதனை எளிமையாக்கி, 1993-இல் 'எல்டாப்' என்ற நெறியை வகுத்தனர். இன்றும் பல கல்லூரிகளின் பயனர் பதிவேடுகள் அந்த நெறியாலேயே கேள்வி கேட்கப்பட்டு விடை சொல்லுகின்றன. ஒரு மரத்தின் கிளைகள்போல, நிறுவனம், துறை, ஆள் என்று படிப்படியாகப் பிரிந்து செல்வது அப்பதிவேட்டின் அமைப்பு. நூல் நிலையத்தின் கணினி அதனிடம் சென்று, "இப்பெயருடையவர் இருக்கிறாரா? இவர் தந்த கடவுச்சொல் சரிதானா?" என்று கேட்கும். பதிவேடு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறும். இந்த உரையாடல் கம்பிவழியே செல்வது. ஆகவே அதனை மறைக்குறியாக்கி அனுப்புதல் இன்றியமையாதது. மறைக்குறியின்றி அனுப்புவது, வீட்டுச் செய்தியை அஞ்சலட்டையில் எழுதுவது போலாகும். வழியில் உள்ளோர் யாவரும் படிக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும். 'இவர் யார்?' என்பது ஒரு கேள்வி. 'இவருக்கு என்ன உரிமை உண்டு?' என்பது மற்றொரு கேள்வி. முன்னதற்கு விடை சொல்வது அலுவலகத்தின் கடமை. பின்னதற்கு விடை சொல்வது நூல் நிலையத்தின் கடமை. ஒரு மாணவர் எத்தனை நூல் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், எந்த இதழைப் படிக்கலாம் என்பனவற்றை அலுவலகம் அறியாது. அறிய வேண்டுவதும் இல்லை. இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே பல இடங்களில் இடர் விளைகிறது.

கல்லூரிக்குள் இருக்கும் கதவுகளுக்கு எல்டாப் நெறி போதும். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் கதவுக்கு என்ன செய்வது? முதலில் எளிய வழி ஒன்று கண்டார்கள். கல்லூரிக் கணினிகளுக்கு இணையத்தில் உரிய முகவரி எண் உண்டு. அந்த எண்ணிலிருந்து வருவோரையெல்லாம் பதிப்பகம் உள்ளே விட்டது. கல்லூரி வளாகத்தில் இருக்கும் வரையில் இது நன்று. மாலையில் வீடு சென்ற மாணவனுக்கோ கதவு அடைபட்டது. இக்குறையை நீக்க, அரிசோனா மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியின் நூலகராக இருந்த கிறிஸ் சேகர் என்பவர் 1999-இல் 'ஈசிபிராக்சி' என்னும் மென்பொருளைச் செய்தார். வீட்டிலிருப்பவர் முதலில் கல்லூரியின் இடைநிலைக் கணினிக்கு வந்து, தம்மை இன்னார் என்று காட்ட வேண்டும். பிறகு அக்கணினியே அவர் சார்பில் பதிப்பகத்தின் கதவைத் தட்டும். ஒரு நூலகர் தம் வாசகர்களின் துன்பத்தைக் கண்டு செய்த கருவி உலகெங்கும் பரவியது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

எனினும், ஒவ்வொரு எழுத்தையும் ஓர் இடைத்தரகர் வாயிலாக அனுப்புவதைவிட, கல்லூரி ஒரு சான்றுக் கடிதம் கொடுத்து மாணவனையே நேரே அனுப்பினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 'இன்டர்நெட் 2' என்னும் கூட்டமைப்பு ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்கு 'ஷிபொலெத்' என்று பெயரிட்டது. இப்பெயர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வருவது. போரில் தோற்றுத் தப்பி ஓடிய எப்பிராயீமியர் யோர்தான் ஆற்றுத் துறைக்கு வந்தபோது, காவல் நின்ற கிலெயாதியர் அவர்களை அச்சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர். முதலெழுத்தைச் சரியாக ஒலிக்க இயலாதவர் பகைவர் என்று அறிந்து கொன்றனர். அவ்வாறு மாண்டவர் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகிறது. நம்மில் ழகரம் ஒலிக்க வாராதவரை நாம் கேலி செய்வதோடு விட்டுவிடுகிறோம். அங்கே உயிரே போயிற்று. அடையாளம் கேட்பது விளையாட்டன்று என்பதை இக்கதை உணர்த்துகிறது.

ஷிபொலெத்தின் முதற் பதிப்பு 2003-இல் வெளிவந்தது. சான்றுக் கடிதம் எந்த உருவில் இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் 'சேம்ல்' நெறியின் இரண்டாம் பதிப்பு 2005-இல் முடிவாயிற்று. அதன் செயல்முறையை ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சியால் விளக்குகிறேன். எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் பக்கத்து ஊர்ப் பொருட்காட்சிக்குப் போகிறான். மாணவர்க்குக் கட்டணம் இல்லை என்று அங்கே அறிவித்திருக்கிறார்கள். வாயிற்காவலர் அவனை நோக்கி, "நீ எந்தப் பள்ளி?" என்கிறார். அவன் சொல்கிறான். "உன் தலைமை ஆசிரியரிடம் கடிதம் வாங்கி வா" என்று அனுப்புகிறார். அவன் என்னிடம் வருகிறான். நான் பதிவேட்டைப் பார்த்து, அவன் எங்கள் மாணவனே என்று தெளிந்து, கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைக்கிறேன். என் முத்திரையின் மாதிரி காவலரிடம் முன்னமே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடுகிறார்.

இணையத்திலும் இதுவே நடக்கிறது. நீங்கள் ஓர் ஆராய்ச்சி இதழின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கல்லூரி யாது என்று அது கேட்கிறது. பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்தவுடன் உங்களை உங்கள் கல்லூரியின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கேதான் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறீர்கள். கல்லூரிக் கணினி எல்டாப் நெறியால் பயனர் பதிவேட்டைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, மின்முத்திரை வைத்த கடிதத்துடன் உங்களை இதழுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதழ் அம்முத்திரையைச் சோதித்துக் கதவைத் திறக்கிறது. அக்கடிதத்துக்கு ஆயுள் சில நிமிடங்களே; பழைய கடிதம் செல்லாது. பிறகு நீங்கள் வேறோர் இதழுக்குச் சென்றால், கல்லூரி உங்களை மீண்டும் வினவாமல் புதிய கடிதம் கொடுத்துவிடும். இங்கே முக்கியமான செய்தி யாதெனின், உங்கள் கடவுச்சொல் பதிப்பகத்தின் கைக்குப் போகவே இல்லை. கல்லூரியின் கடிதம் மட்டுமே போயிற்று.

கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் பழைய பதிவேடு ஒன்றையும் நூல் நிலையத்தின் பதிவேட்டையும் இணைக்கும்போது ஓர் இடுக்கு உண்டு. அங்கேயும் இங்கேயும் இருப்பவர் ஒருவரே என்பதை எதனைக் கொண்டு முடிவு செய்வது? இதனைப் 'பொருத்தும் புள்ளி' எனலாம். நியூசிலாந்தில் உருவாகி 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, நம் நாட்டிலும் பல நூல் நிலையங்கள் பயன்படுத்தும் 'கோஹா' என்னும் மென்பொருளில் இதனை நாமே குறிப்பிட வேண்டும். உறுப்பினர் எண்ணா, பயனர் பெயரா என்பதை நூலகர் முடிவு செய்ய வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் மட்டும் உள்ளவரைப் புதிதாகச் சேர்ப்பதா, விவரம் மாறினால் இங்கேயும் மாற்றுவதா என்பவற்றையும் அவரே சொல்லுதல் வேண்டும். கணினி தானாக அறிந்துகொள்ளாது.

இவ்விடத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பின்னர், ஒரு கல்லூரியின் நூல் நிலையக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே இரு பதிவேடுகளையும் இணைக்கும் பணி நடந்தது. அலுவலகம் ஒருவகையாக எண் எழுதியிருந்தது. நூல் நிலையம் மற்றொரு வகையாக எழுதியிருந்தது. ஓரிடத்தில் 007 என்று இருப்பது மற்றோரிடத்தில் வெறும் 7 என்று இருந்தது. எண்கள் பொருந்தாமையால் பணி நின்றது. "பெயரையும் தலைப்பெழுத்தையும் வகுப்பையும் கொண்டு பொருத்திவிடலாமே, என் பள்ளியில் அப்படித்தானே செய்தோம்" என்று நான் சொன்னேன். என் வயதை மதித்து அவர்களும் அவ்வாறே செய்தார்கள்.

சில திங்கள் கழித்து, இறுதியாண்டு மாணவி ஒருத்தி நூல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேற்படிப்புக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நிலுவை இல்லை என்ற சான்று தந்தால்தான் அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். சேர்வதற்கு இரண்டு நாட்களே இருந்தன. கணினியோ அவள் பெயரில் விலையுயர்ந்த நூல்கள் மூன்று திரும்பவில்லை என்று காட்டியது. அவள் தந்தை கூலி வேலை செய்பவர். "ஏனம்மா, நன்றாக நினைத்துப் பார். எங்கேனும் வைத்து மறந்துவிட்டாயா?" என்று நான் கேட்டேன். "ஐயா, அந்த நூல்களை நான் கண்ணால் கண்டதே இல்லை" என்றாள். அவள் குரலில் பொய் இல்லை.

நூலகர் பொறுமையுள்ளவர். இணைப்புக்கு முந்திய பழைய வழங்கல் ஏட்டை எடுத்துப் புரட்டினார். அம்மூன்று நூல்களுக்கும் எதிரே இருந்த கையெழுத்து இவளுடையதன்று. அதே வகுப்பில், அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உடைய வேறொரு மாணவி இருந்தாள். என் யோசனைப்படி செய்த பொருத்தம் இருவரையும் ஒருவராக்கிவிட்டது! அன்று மாலையே சான்று கொடுத்தார்கள். அவள் உரிய நாளில் சேர்ந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் தேற்றினாள். பழைய தாளேட்டை எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுதும் எண்ணினேன். பின்னர், சேர்க்கையின்போது கொடுத்து, எக்காலத்தும் மாறாததும் வேறொருவருக்குத் தரப்படாததுமான எண்ணையே பொருத்தும் புள்ளியாகக் கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தார்கள். பெயர் மாறும், தொலைபேசி எண் மாறும், மின்னஞ்சல் முகவரி ஒருவர் சென்றபின் மற்றொருவருக்கு வரலாம். மாறாத எண் ஒன்றே நம்பத்தக்கது.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்டாப் நெறியில் ஓர் ஆளுக்குரிய பதிவில் இரண்டு கூறுகள் கட்டாயமாக இருத்தல் வேண்டும். ஒன்று வழங்கும் பெயர். மற்றொன்று குடும்பப் பெயர். மேல்நாட்டு வழக்கத்தைக் கொண்டு செய்த விதி இது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அந்தக் கட்டத்தில் ஒருவர் தலைப்பெழுத்தை இடுவார். ஒருவர் தந்தை பெயரை முழுமையாக இடுவார். வேறொருவர் மாணவனின் பெயரையே மறுபடியும் இடுவார். மூன்று எழுத்தர் மூன்று விதமாக எழுதினால் பதிவேடு எங்ஙனம் ஒத்துப்போகும்? ஆதலின், இணைப்பதற்கு முன்னரே ஒரு வழக்கத்தை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

அடுத்து, சேர்வோரையும் செல்வோரையும் எண்ணிப் பாருங்கள். பழைய முறையில் ஒருவர் கல்லூரியை விட்டுச் சென்றபின்னும் அவருடைய நூல் நிலையக் கணக்கு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும். புதிய முறையில் தாயேட்டில் அவர் பெயர் நீங்கியவுடன் எல்லாக் கதவுகளும் ஒருசேர அடைபடும். இது பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால் அதன் மறுபுறத்தையும் காண வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் கைதவறி ஒரு மாணவனின் பதிவை நீக்கினால், தேர்வுக்கு முதல் நாள் அவனுக்கு ஒரு கதவும் திறவாது. ஒரே சாவி என்பதன் பொருள் அதுதான். ஆகவே நீக்குவதற்கு முன்னர்ச் சில நாள் தவணையும், தவறு நேர்ந்தால் உடனே திருத்த ஓர் ஆளும் வேண்டும். அன்றியும், அலுவலகப் பதிவேட்டில் இல்லாத வாசகரும் உண்டு. ஊர்ப் பொதுமக்களும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் நூல் நிலையத்துக்கு வருகிறார்கள். நானே அத்தகையவன். எங்கள் பெயரை நூல் நிலையம் தன் சொந்தப் பட்டியலில் வைத்துக்கொள்ள இடம் இருத்தல் வேண்டும். புதிய கதவு வைக்கும்போது பழைய வாசகரை வெளியே நிறுத்திவிடலாகாது.

இனி, நம் மானத்தைக் காக்கும் செய்தி ஒன்று. சான்றுக் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்? பொருட்காட்சிக் காவலருக்கு மாணவனின் மதிப்பெண்ணும் தந்தையின் வருமானமும் எதற்கு? 'இவர் எங்கள் மாணவர்' என்ற ஒரு வரி போதும். பதிப்பகத்துக்கும் அவ்வளவே போதும். பெயரைச் சொல்லாமல், 'இக்கல்லூரியைச் சேர்ந்தவர்' என்று மட்டும் கடிதம் கொடுக்க இம்முறையில் இடம் உண்டு. படித்த பக்கத்தைக் குறித்து வைத்தல் முதலிய வசதிகளுக்காக ஒருவரைத் திரும்ப அடையாளம் காண வேண்டுமானால், அந்தப் பதிப்பகத்துக்கு மட்டுமே உரிய பொருளற்ற குறியீடு ஒன்றைக் கொடுக்கலாம். இரு பதிப்பகங்கள் கூடிப் பேசினாலும் இருவரிடமும் வந்தவர் ஒருவரே என்று அக்குறியீட்டைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. எவன் எந்நூலைப் படித்தான் என்பதைக் காப்பது நூலகருடைய அறம். அமெரிக்க நூலகச் சங்கத்தார் 1939-ஆம் ஆண்டிலேயே இதனைத் தம் ஒழுக்க விதிகளுள் சேர்த்தனர். நோயைப் பற்றிய நூலை ஒரு பிள்ளை தேடிப் படிக்கிறான் என்றால், அது அவனுக்கும் அந்நூலுக்கும் இடையே உள்ள செய்தி. 'இருக்கட்டும்' என்று பதிவேட்டிலுள்ள எல்லாவற்றையும் அனுப்பிவிடும் சோம்பல் இங்கே பெருங்குற்றமாகும்.

நம் நாட்டிலும் இவ்வேற்பாடு வளர்ந்து வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவைச் சார்ந்து காந்திநகரில் இயங்கும் 'இன்ஃப்ளிப்நெட்' நிறுவனம், ஷிபொலெத் முறையை அடிப்படையாகக் கொண்டு 'இன்ஃபெட்' என்னும் கூட்டமைப்பை நடத்துகிறது. முத்திரைகளின் மாதிரிகளை ஓரிடத்தில் தொகுத்து வைத்து, கல்லூரிகளும் பதிப்பகங்களும் ஒன்றையொன்று நம்புமாறு செய்வது இத்தகைய கூட்டமைப்பின் பணி. 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் என்றும், ஏறத்தாழ 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் பயன்பெறுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசு பணம் கொடுத்துவிட்டது, இதழ்கள் காத்திருக்கின்றன. எனினும், ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து அவற்றைப் படிப்பதற்கு, அவள் பெயர் அவளுடைய கல்லூரிப் பதிவேட்டில் பிழையின்றி இருத்தல் வேண்டும். ஆறாயிரம் கோடியின் பயன் ஓர் எழுத்தருடைய கவனத்தைச் சார்ந்து நிற்கிறது!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் கடமைகள் உண்டு. சாவி ஒன்றானபோது அதன் மதிப்பு பன்மடங்காகிறது. அதனை உயிர்த் தோழனுக்கும் கொடாதீர்கள். தோழன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் செய்யும் செயல் உங்கள் பெயரில் எழுதப்படும். கடவுச்சொல்லைத் தட்டும் முன்னர், அப்பக்கம் உங்கள் கல்லூரியுடையதுதானா என்று முகவரியைப் பாருங்கள். போலி வாயில்கள் இக்காலத்தில் மலிந்திருக்கின்றன. கைப்பேசிக்கு வரும் இரண்டாவது எண்ணைக் கேட்கும் ஏற்பாடு இருந்தால், அதனைத் தொல்லை என்று தள்ளாதீர்கள். பொதுக் கணினியில் படித்து முடித்தபின் இதழின் பக்கத்தை மட்டும் மூடினால் போதாது; கல்லூரியின் உள்நுழைவு திறந்தே இருக்கும். அங்கிருந்து வெளியேறி, உலாவியையும் முழுவதும் மூடிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் பெயரோ எண்ணோ பிழையாக இருந்தால், சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். இறுதியாண்டு வரை காத்திருந்தால் என்ன நேரும் என்பதை இப்போது கேட்டீர்கள்.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய பணிகளைச் செய்யும் பொறியாளராகவும் நூலகராகவும் வருவீர்கள். அப்போது ஒன்றை மறவாதீர்கள். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளை. வரியும் வரியும் பொருந்தின என்று கணினி கூறும்போது, பிள்ளையும் பிள்ளையும் பொருந்தினரா என்று நீங்கள் ஒருமுறை பாருங்கள். அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபோது, தன் வகுப்புப் பதிவேட்டில் தானே ஒவ்வொரு பெயரையும் இருமுறை படித்துச் சரிபார்ப்பதாகச் சொன்னாள். நான் மகிழ்ந்தேன்.